கொழுந்து மடுவத்தில் ஒரு பாண்டியன்



கொஸ்லந்த என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது, 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்த லயங்களை மூடிய மண்சரிவு. அதற்கு முன்பு கேட்டிருந்தால், பேரகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் பாதையோரம் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியைச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த எனக்கு மூன்றாவதாக ஒரு நினைவும் உண்டு. அது 1995ஆம் ஆண்டு மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் இரவு, வாடகைக்கு எடுத்த டெக்கில் பார்த்த ஒரு சினிமாப் படம். இவ்வார உரை அந்தப் படத்தின் வரலாற்றைப் பற்றியது. அது எங்கள் கொழுந்து மடுவத்துக்குள் வந்து செய்த காரியத்தைப் பற்றியதும்கூட.

அக்காலத்தில் தோட்டத்தில் படம் பார்ப்பது தனி விழா. பணம் சேர்த்து, டவுனிலிருந்து டெக்கையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் கொண்டுவந்து, லயத்து வாசலில் மேசை போட்டு வைப்பார்கள். விடியும் வரை மூன்று படம் ஓடும். எந்தப் படம் என்பதைத் தீர்மானிப்பவர்கள் இளைஞர்கள். அந்த வருடம் அவர்கள் கேட்டது 'பாட்ஷா'. முதல் படமும் அதுதான். இரண்டாவதாகப் போட்ட படக்கொப்பி, கடைக்காரர் தாமாகவே கொடுத்தனுப்பியது. அதன் பெயரைப் பார்த்ததும் ஆண்களில் பாதிப்பேர் எழுந்து படுக்கப் போய்விட்டார்கள். பெண்கள் நகர்ந்து முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். 'மகளிர் மட்டும்' என்று பெயர் ஓடியது.

கதை நேயர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். 1994இல் வெளிவந்த அப்படத்தில் ஒரே கந்தோரில் மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். ரேவதி நடிக்கும் சத்யா நவநாகரிகப் பெண். ஊர்வசியின் ஜானகி, ஆசாரமான பிராமண வீட்டிலிருந்து வருகிறவள். ரோகிணியின் பாப்பம்மா, சென்னைத் தமிழ் பேசும் துப்புரவுத் தொழிலாளி. மூவரையும் ஒவ்வொரு விதத்தில் தொல்லைப்படுத்துகிற மேலதிகாரி பாண்டியனாக நாசர் நடிக்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன் 'தேவர் மக'னில் மாயனாக வந்து எங்களை நடுங்க வைத்தவர், இதில் அசடு வழிகிறார். அவருக்கு எலிப்பாஷாணம் கொடுத்துவிட்டோம் என்று மூவரும் தவறாக எண்ணிக்கொள்வதும், ஆஸ்பத்திரியிலிருந்து வேறொருவரின் பிணத்தைக் கொண்டுவந்து விடுவதும், அந்தப் பிணமாக நாகேஷ் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நடித்திருப்பதும் தமிழ்ச் சினிமா நகைச்சுவையில் மறக்க முடியாத பகுதி. பிற்பாதியில் பெண்கள் மேலதிகாரியை அடைத்து வைத்துவிட்டு, அவர் பேராலேயே கந்தோரைத் திருத்தி நடத்துகிறார்கள்.

படத்தை இயக்கியவர் சிங்கீதம் சீனிவாசராவ். வசனம் கிரேஸி மோகன், இசை இளையராஜா, தயாரிப்பு கமல்ஹாசன். இவ்வளவும் ஆண்கள் பேராக இருப்பதைக் கவனிக்க வேண்டும். பெண்கள் மட்டும் என்று பெயர் வைத்த படத்தில், திரைக்கு முன்னால் பெண்களும் பின்னால் ஆண்களும் நின்றார்கள். குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. யாருடைய வேலை யாருடைய பேரில் போகிறது என்பதுதான் இவ்வுரையில் நாம் தொடரப் போகும் கேள்வி.

இக்கதையின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1973இல் பொஸ்டன் நகரில் கந்தோர்களில் வேலை செய்த பெண்கள் சிலர் 'ஒன்பதிலிருந்து ஐந்து' என்ற பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். காலை ஒன்பது மணிக்கு உள்ளே போய் மாலை ஐந்து மணிக்கு வெளியே வருகிறவர்கள் என்பது பெயரின் பொருள். தொடங்கியவர்களில் ஒருவரான கேரன் நுஸ்பாம், ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் தட்டெழுத்து வேலை செய்தவர். வியட்நாம் போருக்கு எதிரான இயக்கத்தின் வழியாக அவருக்கு நடிகை ஜேன் ஃபொண்டாவைத் தெரிந்திருந்தது. தட்டெழுத்துப் பெண்களின் குறைகளைக் கேட்ட ஃபொண்டா, அவர்களைப் பற்றி ஒரு படம் எடுக்க எண்ணினார். முதலில் நினைத்தது கனமான படம். அது பிரசங்கமாகிவிடும் என்று உணர்ந்து நகைச்சுவைக்கு மாறினார். கிளீவ்லாந்து நகரில் கந்தோர்ப் பெண்களைக் கூட்டி, மேலதிகாரியைக் கொன்றுபோடுவதாகக் கற்பனை செய்ததுண்டா என்று கேட்டபோது ஆளுக்கொரு கதை கிடைத்ததாம். அக்கற்பனைகள் படத்துக்குள்ளும் வந்தன. பட்ரீஷியா ரெஸ்னிக் என்ற பெண்மணியும் இயக்குநர் கொலின் ஹிகின்ஸும் எழுத, ஃபொண்டாவும் லிலி டொம்லினும் டொலி பார்ட்டனும் நடித்து 1980 டிசம்பரில் அமைப்பின் பெயரிலேயே படம் வெளிவந்தது. பாடகி டொலி பார்ட்டனுக்கு அதுவே முதற்படம்.

ஆக, ஒரு தொழிலாளர் அமைப்பிலிருந்து பிறந்த படம், பதினான்கு வருடங்கள் கழித்துத் தமிழுக்கு வந்தது. வரும்போது ஒரு மாற்றத்தோடு வந்தது. அமெரிக்கப் படத்தின் மூன்று பெண்களும் மேசைக்கு முன் உட்கார்ந்து வேலை செய்பவர்கள். தமிழ்ப் படத்தில் மூன்றாமவள் தரை துடைக்கிறவள். பிராமண வீட்டு ஜானகியையும் சேரிப் பாப்பம்மாவையும் ஒரே பிணத்தின் இரு முனைகளையும் பிடித்துத் தூக்க வைத்தது தமிழ்ப் படத்தின் சொந்தச் சரக்கு. எங்கள் லயத்துப் பெண்களுக்கு அந்தப் படம் புரிந்ததற்கும் பாப்பம்மாவே காரணம் என்று நினைக்கிறேன். கந்தோரில் கதிரை போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. வாளியும் துடைப்பமுமாக நிற்கிறவளை அவர்களுக்குத் தெரியும்.

அதற்கு முன்பு தமிழ்ச் சினிமா, வேலைக்குப் போகும் பெண்ணை எப்படிக் காட்டியது? கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' 1974இல் குடும்பத்தைச் சுமக்கும் உத்தியோகப் பெண்ணைக் காட்டியது. ஆனால் அது கண்ணீர்க் கதை. சிரிப்பு என்று வந்தால், திமிர் பிடித்தவளை அடக்குவதுதான் கதையாக இருந்தது. 1972இன் 'பட்டிக்காடா பட்டணமா' அப்படி. 1992இல் பொங்கலுக்கு வந்த 'மன்னன்' இன்னும் தெளிவாகச் சொன்னது. முதலாளியாக இருக்கும் பெண், தொழிலாளியிடம் தோற்று அவன் மனைவியாகி, கடைசியில் நாற்காலியை விட்டு வீட்டுக்குப் போகிறாள். அதைப் பார்த்தும் எங்கள் லயத்தில் கைதட்டினோம். நானும் தட்டியிருக்கிறேன்.

நகைச்சுவை நடிகைகளுக்குத் தமிழில் குறைவில்லை. என். எஸ். கிருஷ்ணனுக்குச் சமமாக நின்று பதிலடி கொடுத்த டி. ஏ. மதுரம் 1936இலிருந்தே அவரோடு இணைந்து நடித்தார். 1958இல் 'மாலையிட்ட மங்கை'யில் தொடங்கிய மனோரமா ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் நடித்தார். ஆனால் இவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு ஜோடி இருக்கும். சண்டையும் சமாதானமும் அந்த ஜோடியோடு. பெண்ணும் பெண்ணும் சேர்ந்து, தங்களுக்கு மேலே நிற்கும் ஓர் ஆணைப் பார்த்துச் சிரிப்பது அபூர்வம். 'மகளிர் மட்டும்' செய்த புதுமை அது.

இப்போது எங்கள் தோட்டத்துக்கு வருவோம்.

மலையகத்துக்கு வெளியே உள்ள நேயர்களுக்காக ஒரு சொல்லை விளக்க வேண்டும். தோட்டத்தில் 'பேர்' என்றால் பெயர் மட்டுமல்ல. ஒரு நாள் சம்பளத்துக்கும் அதுதான் சொல். காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்து, மாலையில் கொழுந்து நிறுத்த பிறகு, செக்ரோலில் அன்றைய பேர் விழும். சொன்ன நிறை வராவிட்டால் அரைப்பேர். எதிர்த்துப் பேசினால் பேர் வெட்டு. மாதக் கடைசியில், "இந்த மாசம் எத்தன பேரு?" என்று கேட்டால், அது எத்தனை நாள் வேலை என்று கேட்பதாகும்.

அந்தப் பேரை எழுதும் பென்சில் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் மலையில் பெண்ணின் பாடு இருக்கிறது. கொழுந்து பறிப்பவர்கள் பெண்கள். எந்தப் பெண்ணுக்கு எந்த நிரை என்று பிரித்துக் கொடுப்பவர் ஆண். கூடைக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிவு என்று தீர்மானிப்பவர் ஆண். நிறுவை முள்ளைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுபவரும் ஆண். நல்ல நிரை வேண்டுமா, கழிவு குறைய வேண்டுமா, அதற்கு அவர் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரித்தால் அடுத்தது கேட்பார். சிரிக்காதவளுக்குச் செங்குத்தான ஓரத்து நிரை.

இதில் சங்கம் எங்கே என்று கேட்பீர்கள். 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் தொடங்கிய நாளிலேயே அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். படிக்கத் தெரியாத சனத்துக்குப் பாட்டு மூலம் செய்தி சொன்னார். 1940இல் அவருடைய பாடல்கள் அவர் பேரிலேயே நூலாகவும் வந்தன. ஆனால் அவருக்குப் பின் வந்த பல பத்து வருடங்களில் மேடையில் பெண் குரல் மெலிந்துவிட்டது. சந்தாப் பணம் பெண்ணின் சம்பளத்திலும் வெட்டப்பட்டது. தலைவர் பதவி ஆணுக்கே போனது. 1984ஆம் ஆண்டு வரை ஒரே தோட்டத்தில் பெண்ணின் நாட்சம்பளம் ஆணின் சம்பளத்தைவிடக் குறைவு. அதற்குப் பின்னும், பெண்ணின் சம்பளத்தைப் புருஷனோ தகப்பனோ போய் வாங்கி வருவதை நான் சிறுமியாக இருந்தபோது கண்ணால் பார்த்திருக்கிறேன். பேர் அவளுடையது, காசு வாங்கிய கையெழுத்து அவனுடையது.

சிரிப்பு மட்டும் பெண்களிடம் எப்போதும் இருந்தது. கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் கேலி செய்யும் பாட்டுகள் மலையில் ஏராளம். சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் திரட்டி அச்சேற்றினார். காமன்கூத்து மேடையில் ரதியாக ஆண்தான் ஆடுவான். ஆனால் பனிமூட்டத்தில் நிரைக்கு நிரை குரல் கொடுத்துப் பாடும்போது மேடை பெண்களுடையது. பாடியது யார் என்று கங்காணி கேட்டால் யாரும் பாடவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பேர் கிடையாது. பேர் இல்லாததால்தான் அது பிழைத்திருந்தது.

படம் ஓடிய இரவில், நாசர் முதன்முறை ஒரு பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றபோது, மேட்டு லயத்துப் பெரியம்மா சத்தமாகவே சொன்னார்: "அடியே, இது நம்ம மடுவத்து ஆளுடீ!"

அப்படியொரு சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை. கொழுந்து நிறுக்கும் மனிதர் அங்கே இல்லை. ஆனால் அவருடைய மச்சான் இருந்தார், எழுந்து போனார். சிரிப்பு நிற்கவில்லை. என் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். எங்களுக்கு இரண்டு காம்பரா தள்ளியிருந்த ஓர் அக்கா மட்டும் சிரிக்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். காரணம் அப்போது தெரியவில்லை.

மறுநாள் முதல் மலையில் ஒரு புதுச் சொல் பிறந்தது. நிறுக்க வருகிற மனிதர் பாதைத் திருப்பத்தில் தெரிந்ததும் யாராவது ஒருத்தி, "பாண்டியன் வாராரு!" என்பாள். அது நிரை நிரையாகக் கீழே இறங்கும். அவருக்குத் தம்மைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிய இரண்டு வாரம் ஆயிற்று. தெரிந்த பிறகும் என்ன செய்வது? சினிமாப் பேரைச் சொன்னதற்காகப் பேர் வெட்ட முடியுமா? அந்தச் சொல் கேட்டவுடன் பக்கத்து நிரைப் பெண்கள் அந்த அக்காவுக்கு இரண்டு புறமும் வந்து நின்றுகொள்வார்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. சிரித்தவர்களுக்கு ஒருவரையொருவர் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் அந்த அக்காவுக்குத் தொடர்ந்து நான்கு அரைப்பேர் விழுந்தது. பெரியம்மாவும் இன்னும் சிலரும் தலைவரிடம் போனார்கள். அவர் கெட்ட மனிதர் அல்லர். "பொம்பள விசயத்த ஆபீசுக்குக் கொண்டு போனா தோட்டத்துக்கே கேவலம், பெரியம்மா. நான் அவர்கிட்ட பேசுறேன்" என்றார். பேசினார் போலும். அடுத்த வாரம் ஐந்தாவது அரைப்பேர் விழுந்தது.

அப்போது நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஓர் இரவு பெரியம்மா எங்கள் காம்பராவுக்கு வந்து, "புள்ள, பெரிய தொரைக்கு ஒரு காயிதம் எழுதணும்" என்றார். குப்பி லாம்பு வெளிச்சத்தில் எழுதினேன். நடந்ததையெல்லாம் எழுதி முடித்து, "யார் பேர் போட?" என்று கேட்டேன். அந்த அக்காவின் பேரைப் போட்டால் அவளை யார் கட்டுவான் என்ற பேச்சு வந்தது. பெரியம்மா பேரை மட்டும் போட்டால் அவர் பேர் வெட்டப்படும். "பேரு குடுத்தா பேரு போயிரும்" என்று யாரோ முனகினார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பெரியம்மாதான் சொன்னார்: "எல்லார் பேரையும் எழுது. எவ சொன்னான்னு அவன் தேடட்டும்."

இருபத்துமூன்று பேர் எழுதினேன். அந்த அக்காவின் பேர் நடுவில் எங்கோ ஓரிடத்தில் வந்தது. கையெழுத்துத் தெரிந்தவர்கள் எழுதினார்கள், மற்றவர்கள் பெருவிரல் வைத்தார்கள்.

மூன்று வாரங்களில் அந்த மனிதரைப் பக்கத்து டிவிசனுக்கு மாற்றினார்கள். நாங்கள் வென்றுவிட்டோம் என்று மலையில் ஒரே சிரிப்பு. புதிதாக வந்தவர் நிறையை வாய்விட்டுப் படித்துச் சொல்லிவிட்டே எழுதினார்.

அமெரிக்கப் படத்தின் முடிவைப் பல வருடங்கள் கழித்துத்தான் நான் பார்த்தேன். அதில் பெண்கள் மேலதிகாரியை அடைத்து வைத்துக்கொண்டு, அவர் பேரால் சுற்றறிக்கை அனுப்பி, சமசம்பளம், வசதிப்படி வேலை நேரம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடம் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவருகிறார்கள். கம்பனித் தலைவர் வந்து பார்த்து மகிழ்ந்து, மாற்றங்களை மேலதிகாரியின் சாதனை என்று பாராட்டி அவரைப் பிரேசிலுக்கு அனுப்புகிறார். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை. பிரேசிலில் அவருக்குக் கீழே வேலை செய்யப் போகும் பெண்கள் யார் என்று நினைத்தேன். பக்கத்து டிவிசனில் கொழுந்து எடுத்த பெண்களை நாங்களும் அன்று நினைக்கவில்லை. அவர்களிடம் டெக்கும் இல்லை, பாண்டியன் என்ற சொல்லும் இல்லை.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹொலிவூட் பெண்கள் கனவாகக் கண்டது, எங்கள் தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பிள்ளைமடுவம் என்ற பெயரில் இருக்கிறது. தாய்மீது கொண்ட இரக்கத்தால் மட்டும் அது வரவில்லை. கொழுந்தெடுக்கும் கைகள் இரண்டும் துரைக்கு வேண்டியிருந்தன. ஒரே வசதி யார் பேரால், எதற்காக வருகிறது என்பதைப் பொறுத்து அதன் குணமும் மாறிவிடுகிறது. பெண் கேட்டுப் பெற்றால் உரிமை. துரை கட்டிக் கொடுத்தால் அதற்கும் நன்றி சொல்ல வேண்டும்.

சட்டம் என்ன செய்தது? நாங்கள் படம் பார்த்த அதே 1995இல் இலங்கைப் பாராளுமன்றம் 22ஆம் இலக்கச் சட்டத்தால் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியது. அதன் 345ஆம் பிரிவின்படி, வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவர் சொல்லாலோ செயலாலோ செய்யும் பாலியல் தொந்தரவு குற்றம். ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. இது எனக்குத் தெரிய வந்தது ஆசிரியையான பிறகு. 'மகளிர் மட்டும்' வெளிவந்தபோது இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டமே கிடையாது. 1992இல் ராஜஸ்தானில் குழந்தை மணத்தைத் தடுக்கப் போன கிராம ஊழியர் பன்வாரி தேவிக்கு நேர்ந்த கொடுமையிலிருந்து எழுந்த வழக்கில், 1997 ஓகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய விசாகா தீர்ப்புத்தான் முதல் நெறிமுறை. பாராளுமன்றம் சட்டம் இயற்ற 2013 ஆயிற்று. சட்டத்துக்கு முன்பே சிரிப்பு வந்துவிட்டது என்பதைத் தமிழ்ச் சினிமாவின் பெருமையாகச் சொல்லலாம்.

ஆனால் சட்டம் வந்ததும் மலைக்கு ஏறிவிடுவதில்லை. 2023 பெப்ரவரியில் பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சி கென்யாவின் தேயிலைத் தோட்டங்களைக் காட்டியது. எழுபதுக்கும் மேற்பட்ட பெண்கள், மேற்பார்வை செய்கிறவர்கள் தங்களைப் பாலியல் தொல்லைக்கு ஆளாக்கியதாகச் சொல்லியிருந்தார்கள். வேலை வேண்டுமானால் இணங்க வேண்டும் என்பதே அங்கும் விதி. கண்டம் வேறு, மொழி வேறு. நிரையைப் பிரித்துக் கொடுப்பவனின் அதிகாரம் ஒன்றுதான்.

இதற்கு மறுபக்கமாக மூணாறைச் சொல்ல வேண்டும். கேரளத்தின் அந்த மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர், எங்கள் பாட்டன்மாரைப்போல் கங்காணிகளால் கூட்டிவரப்பட்ட தமிழரின் வழிவந்தவர்கள். 2015 செப்டெம்பரில், 20 வீதம் போனஸ் கேட்டவர்களுக்கு 10 வீதம் என்று அறிவிக்கப்பட்டதும், ஆயிரக்கணக்கான பெண்கள் வீதியில் இறங்கி உட்கார்ந்தார்கள். அன்று அவர்களின் நாட்கூலி 232 ரூபா. ஆண்கள் தலைமையிலான சங்கங்களைத் தங்கள் பேரால் பேச வேண்டாம் என்று விலக்கிவைத்தார்கள். வந்த அரசியல்வாதிகளைத் திருப்பி அனுப்பினார்கள். தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பேர் 'பெம்பிளை ஒருமை'. ஒன்பது நாளில், போனஸும் சிறப்புத் தொகையுமாகக் கேட்ட 20 வீதம் கிடைத்தது. பின்னர் அவர்களுக்குள்ளும் பிளவு வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆண்களின் சங்கங்களும் பிளவுபட்டுத்தான் இருக்கின்றன. அதற்காக ஆண்களால் சங்கம் நடத்த முடியாது என்று யாரும் சொன்னதில்லை.

தொலைக்காட்சியில் மூணாறுப் பெண்களைப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன். வீதியில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர்களைக் கேலி செய்து தமிழில் கோஷம் கட்டிப் பாடினார்கள். நிரையில் பேரில்லாமல் பாடிய அதே பாட்டு, இப்போது பேர் போட்டுக்கொண்டு வீதிக்கு வந்திருந்தது.

அண்மையில் ஊருக்குப் போயிருந்தேன். மேட்டு லயத்துப் பெரியம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. 2017இல் ஜோதிகா நடித்து அதே பெயரில் வேறு கதையாக ஒரு படம் வந்ததைச் சொன்னேன். அவருக்கு அது ஒன்றும் எட்டவில்லை. "பொணத்தத் தூக்கிக்கிட்டு அலைவாளுகளே, அந்தப் படமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பழைய சிரிப்பேதான். பிறகு, "அந்தக் காயிதத்துல எத்தன பேரு, புள்ள?" என்றார்.

"இருபத்திமூணு, பெரியம்மா."

"ஒன்னோட சேத்தா?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கடிதத்தின் நகல் இன்றும் என்னிடம் இருக்கிறது. எழுதியது முழுவதும் என் கை. ஆனால் என் பேர் அதில் இல்லை. நான் கொழுந்து எடுக்கவில்லை, பரீட்சை எழுத வேண்டும், அப்பா தொழிற்சாலையில் வேலை செய்கிறார் என்று அன்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. பேர் கொடுத்தால் பேர் போய்விடும் என்று தெரிந்தும் பெருவிரல் வைத்தவர்கள் அந்த இருபத்துமூன்று பெண்கள். இழக்க ஒரு பேர்கூட இல்லாதிருந்த நான் ஒதுங்கி நின்றேன்.

"இல்ல, பெரியம்மா" என்றேன்.

"அதனால என்ன? எழுதுனது நீதானே" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி வைக்க உள்ளே போனார்.

சிரிப்புப் படம்தானே என்று நாம் ஒதுக்கிவிடுகிற படங்களில் ஒன்றையாவது, உங்கள் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பாருங்கள், நேயர்களே. எந்த இடத்தில் அவர்கள் சிரிக்கிறார்கள் என்பதையும், எந்த இடத்தில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் இருக்கிறாள் என்பதையும் கவனியுங்கள். அந்த அக்கா பிறகு கல்யாணம் முடித்து, வெல்லவாயப் பக்கம் போய், பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருக்கிறார். அன்று அவர் சிரிக்காததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் படத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.